முழுக்கும் தலைமுழுக்கும்

1198ஆம் ஆண்டு ஜூலை மாதம். இன்றைய லாட்வியாவில், டவுகவா ஆற்றங்கரையில் நடந்த ஒரு சண்டையில் வெளிநாட்டு ஆயர் ஒருவர் முதுகில் ஈட்டி பாய்ந்து இறந்தார். அவரோடு கப்பலில் வந்திருந்த சாக்ஸன் படை, அதாவது வட ஜெர்மானியப் படை, ஆத்திரம் தாங்காமல் வயல்களுக்குத் தீ வைத்தது. விளைச்சல் எரிவதைப் பார்த்த உள்ளூர் லிவ் மக்கள் சமாதானத்துக்கு வந்தார்கள். முதல் நாள் ஏறக்குறைய ஐம்பது பேர், மறுநாள் நூறு பேர் என ஞானஸ்நானம் பெற்றார்கள். பாதிரியாரின் சாப்பாட்டுக்கு ஏருக்கு ஒரு படி தானியம் அளப்பதற்கும் சம்மதித்தார்கள். காரியம் முடிந்தது என்று படை கப்பலேறியது.

கப்பல்கள் புறப்பட்டதும் லிவ்கள் தங்கள் வழக்கமான குளியலை முடித்து வெளியே வந்து, ஆற்று நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீரை இந்த ஆற்றுத் தண்ணீரால் கழுவுகிறோம், வாங்கிக்கொண்ட மதத்தையும் போகிறவர்கள் பின்னாலேயே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அதோடு விடவில்லை. போன படையில் யாரோ ஒருவர் மரக்கிளை ஒன்றில் மனிதத் தலையைச் செதுக்கி வைத்திருந்தார். இதுதான் சாக்ஸன்களின் சாமி, இதனால்தான் வெள்ளமும் கொள்ளைநோயும் வரும் என்று நினைத்த லிவ்கள், தேன்மது காய்ச்சி, கூடிக் குடித்து, ஆலோசித்து, அந்தத் தலையை வெட்டியெடுத்தார்கள். கட்டைகளைப் பிணைத்து மிதவை கட்டி, தலையை அதன் மேல் ஏற்றி, கடலை நோக்கி விட்டார்கள். விருந்தாளியின் சாமியை விருந்தாளியோடு வழியனுப்பிவைக்கும் மரியாதை அதில் இருந்தது.

ஞானஸ்நானத்துக்குத் தமிழில் திருமுழுக்கு என்றும் பெயர். ஓர் உறவை அடியோடு விடுவதைத் தலைமுழுகுவது என்கிறோம். லிவ்கள் முதலாவதை இரண்டாவதால் ரத்து செய்தார்கள். வேடிக்கையாகத் தெரியும் இந்தச் சடங்குதான், அடுத்த முப்பது ஆண்டுகளில் பால்டிக் கடலின் கிழக்குக் கரை முழுவதும் பறிபோவதற்குச் சட்டக் காரணமாக அமைந்தது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்தச் செய்திகள் பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பகுதிக்கு அன்று லிவோனியா என்று பெயர். லிவோனியாவின் ஹென்றி என்று அறியப்படும் பாதிரியார் 1220களின் நடுவில் லத்தீனில் எழுதிய வரலாறு அது. வென்றவர்களின் பக்கத்து ஆள். தோற்றவர்கள் எழுத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் ஹென்றி மேசையில் உட்கார்ந்து கதை கட்டியவர் அல்லர். இருபது வருடம் அங்கேயே வாழ்ந்து, உள்ளூர் மொழிகள் பேசி, கிராமம் கிராமமாக ஞானஸ்நானம் கொடுத்து, முற்றுகைகளுக்குள் சிக்கியவர். எதிரியைத் திட்டிக்கொண்டே அவன் சொன்னதை அப்படியே பதிவு செய்துவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. அது நமக்கு அதிர்ஷ்டம்.

கதையின் தொடக்கத்தில் வாளே இல்லை. 1180களில் செகெபெர்க் மடத்தைச் சேர்ந்த மெய்ன்ஹார்ட் என்ற நரைத்த துறவி, ஜெர்மானிய வணிகர்களின் கப்பலில் டவுகவாவுக்கு வந்து சேர்ந்தார். மெழுகும் தோலும் தேடி வணிகர்கள் ஏற்கெனவே அந்த ஆற்றில் போய்வந்துகொண்டிருந்தார்கள். லிவ்களிடம் கப்பம் வாங்கிவந்த போலொட்ஸ்க் இளவரசர் விளாதிமிரிடம் முறையாக அனுமதி பெற்று, இக்ஷ்கிலே என்ற ஊரில் ஒரு தேவாலயம் கட்டினார். அந்தக் குளிர்காலத்தில் லித்துவேனியர் கொள்ளையடிக்க வந்தார்கள். ஊர் மக்களோடு மெய்ன்ஹார்டும் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார். வெளியே வந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. உங்களுக்குக் கல்கோட்டை கட்டித் தருகிறேன், நீங்கள் ஞானஸ்நானம் பெறுகிறீர்களா என்று கேட்டார். சரி என்றார்கள், சத்தியமும் செய்தார்கள். கோட்லாந்து தீவிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். 1185இல் கோட்டை எழுந்தது. எழுந்ததும் சத்தியம் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள். அடுத்த ஊரான ஹோல்மிலும் இதே ஒப்பந்தம், இதே முடிவு.

கல்லும் சுண்ணாம்பும் அந்தப் பகுதிக்கு எவ்வளவு புதிது என்பதற்கு ஹென்றி ஒரு காட்சி தருகிறார். அண்டையிலிருந்த செமிகாலியர், கல்கோட்டை கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெரிய பெரிய கப்பல் வடங்களோடு வந்தார்கள். மரக்கோட்டையை இழுப்பதுபோல இதையும் இழுத்து ஆற்றில் தள்ளிவிடலாம் என்பது திட்டம். கற்கள் சாந்தால் ஒட்டியிருப்பது அவர்களுக்குத் தெரியாது. மேலிருந்து வந்த அம்புகளில் காயப்பட்டதுதான் மிச்சம்.

மெய்ன்ஹார்ட் நொந்துபோய் ஊரைவிட்டுக் கிளம்பப் பார்த்தார். படையோடு திரும்பிவிடுவாரோ என்று பயந்து, லிவ்கள் கெஞ்சித் திரும்ப வரவழைத்தார்கள். வந்தவரை வரவேற்ற விதம்தான் அருமை: வாருங்கள் குருவே, கோட்லாந்தில் உப்பு என்ன விலை, கம்பளித் துணி என்ன விலை? பைபிளில் யூதாஸ் சொல்லும் வாழ்த்தை இந்தக் கேலியின் வாயில் வைத்திருப்பது ஹென்றியின் கைவண்ணமாக இருக்கலாம். ஆனால் கேள்வி லிவ்களுடையதுதான் என்று நினைக்கிறேன். கப்பலில் வருகிற ஜெர்மானியன் உப்பும் துணியும் விற்பான். இவர் ஞானஸ்நானம் விற்கிறார். அவர்கள் பார்வையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். கொடுத்த வாக்கு கசந்தால் முறித்துக்கொள்ளலாம்.

திருச்சபையின் பார்வையில் முறிக்க முடியாது. முடிச்சு இங்கேதான் விழுகிறது. பிற மதத்தவரைப் பலவந்தமாக மதம் மாற்றக் கூடாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஒருமுறை மாறியவரை, மதத்தில் நிலைத்திருக்கச் செய்யப் பலவந்தம் செல்லும். போப் மூன்றாம் இன்னொசென்ட் 1201இல் ஆர்ல் நகரப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் ஒரு படி போனார். அச்சுறுத்தலுக்கும் சித்திரவதைக்கும் பயந்து வாங்கிக்கொண்டாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானமே; கடைசி நொடிவரை ஒப்பாமல் மறுத்தவர்தான் விதிவிலக்கு என்றார். எரியும் வயலுக்கு முன்னால் தலை குனிந்தவர் இந்தக் கணக்கில் ஒப்புக்கொண்டவர். ஆக, ஆற்றில் குளித்துக் கழுவிக்கொண்ட அந்த நிமிடமே லிவ்கள் வேற்று மதத்தார் என்ற பாதுகாப்பை இழந்து, மதத்துரோகிகள் ஆகிவிட்டார்கள். 1199இல் இதே போப் சாக்ஸனிக்கும் வெஸ்ட்ஃபாலியாவுக்கும் விடுத்த அழைப்பு, லிவோனியாவில் இருக்கும் கிறிஸ்தவர்களைக் காப்பாற்றப் போங்கள் என்பது. மதம் மாற்றப் போங்கள் என்று அதில் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

1198 சண்டையில் செத்த அந்த ஆயரின் பெயர் பெர்தோல்ட். அவருடைய இடத்துக்கு வந்த ஆல்பர்ட், இந்தச் சட்டத்துக்கு ஏற்ற இயந்திரத்தைக் கட்டியவர். பிரெமன் நகரத் திருச்சபையில் வளர்ந்தவர். பக்தியைவிட நிர்வாகத் திறன் தூக்கலான மனிதர் என்பது என் அபிப்பிராயம். 1200இல் 23 கப்பல்களோடு வந்தார். வந்த கையோடு லிவ் தலைவர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, ஒரே வீட்டில் பூட்டி, அவர்களுடைய பிள்ளைகளில் முப்பது பேரைப் பிணையாக வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பினார். 1201இல் ரீகா நகரத்தை நிறுவினார். செமிகாலியரின் துறைமுகத்துக்கு எந்தக் கப்பலும் போகக் கூடாது என்று தடை வாங்கினார். மீறிப்போன வணிகர்களைச் சக வணிகர்களே கொன்றார்கள். 1202இல் வாள் சகோதரர்கள் என்ற துறவிப்படை உருவானது. துறவு விரதமும் குதிரையும் இரும்புக் கவசமும் ஒரே ஆளிடம்.

துறவிப்படை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நாட்காட்டியைப் பார்த்தால் போதும். சிலுவைப் போர் வீரர்கள் பாவமன்னிப்புக்காக ஒரு வருடம் வந்து போகிறவர்கள். வசந்தத்தில் பனி உருகியதும் கப்பல் வரும், இலையுதிர்காலத்தில் திரும்பும். நடுவில் கடல் மூடிக்கொள்ளும். லிவ்கள் ஒவ்வொரு முறையும் கப்பல் போனபிறகுதான் தலைமுழுகினார்கள் என்பது தற்செயல் இல்லை. ஆள் பிடிக்க ஆல்பர்ட் பத்து தடவைக்கும் மேல் கடல் தாண்டிப் போய்வந்திருக்கிறார். வருடம் முழுக்கத் தங்கும் படை ஒன்று இல்லாமல் ஒரு குளிர்காலத்தைக்கூடக் கடக்க முடியாது. அந்தப் படை சும்மா தங்காது. பிடித்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டது, வாங்கியது. ஆயருக்கும் படைக்கும் நடந்த பங்காளிச் சண்டை தனிக் கதை.

உள்ளூர் மக்களை வெறும் பலியாடுகளாகக் காட்டுவது எளிது, அது பொய். ஒவ்வொரு குழுவும் தன் கணக்கைப் போட்டுப் பார்த்தது. லிவ்களாலும் எஸ்தோனியராலும் காலங்காலமாகச் சூறையாடப்பட்ட, இன்றைய லாட்வியரின் முன்னோரான லெட் மக்கள், இரும்பு போர்த்திய புதிய கூட்டாளி கிடைத்ததில் மகிழ்ந்தார்கள். 1208 வாக்கில் அவர்களில் ஒரு பகுதியினர் மதம் மாற முடிவு செய்தபோது ஒரு சந்தேகம் வந்தது. ப்ஸ்கோவ் நகர ரஷ்யர்களின் ஞானஸ்நானமா, ரோம் திருச்சபையைச் சேர்ந்த லத்தீன்காரர்களின் ஞானஸ்நானமா? தங்கள் பழைய தெய்வங்களின் முன் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். லத்தீன் என்று விழுந்தது. தங்களை எந்தத் தேவாலயத்துக்கு விட்டுக்கொடுப்பது என்று அந்தத் தெய்வங்களே தீர்ப்புச் சொன்ன வழக்கு அது.

துரைதா ஊரில் தங்கியிருந்த தியோடரிக் என்ற துறவியின் உயிரும் ஒருமுறை இப்படித்தான் தப்பியது. அவருடைய வயல் செழித்திருந்தது; லிவ்களின் பயிர் மழையில் அழிந்தது. இவரைத் தெய்வங்களுக்குப் பலி கொடுத்துவிடலாம் என்று ஊர் கூடியது. ஈட்டி ஒன்றைத் தரையில் வைத்து, குதிரையை அதைத் தாண்டவிட்டார்கள். ஒரு கால் வாழ்வுக்கு, மற்றது சாவுக்கு. குதிரை வாழ்வின் காலை எடுத்து வைத்தது. குறி சொல்பவன் ஒப்பவில்லை. கிறிஸ்தவர்களின் சாமி குதிரையின் முதுகில் உட்கார்ந்து காலை நகர்த்துகிறது, முதுகைத் துடையுங்கள் என்றான். துடைத்தார்கள். குதிரை மறுபடியும் அதே காலையே வைத்தது. தியோடரிக் வீடு திரும்பினார். அவர்தான் பின்னாளில் வாள் சகோதரர்கள் படையை உருவாக்குவதில் முன்நின்றவர்; குதிரை கால் மாற்றி வைத்திருந்தால் வரலாறு கொஞ்சம் வேறாகியிருக்கும்.

அதே துரைதாவின் தலைவர் கௌப்போ வேறு வழியில் போனார். லிவ்களின் ராஜா மாதிரி என்கிறார் ஹென்றி. 1203இல் தியோடரிக்குடன் ரோம்வரை போய் இன்னொசென்டைப் பார்த்தார்; போப் அவரை முத்தமிட்டு நூறு பொற்காசு கொடுத்தார். திரும்பி வந்தவரைச் சொந்த ஊர் ஏற்கவில்லை. 1206இல் ஜெர்மானியப் படையோடு போய், தன் உறவினர்களும் நண்பர்களும் உள்ளே இருக்கும்போதே தன் சொந்தக் கோட்டையைத் தாக்கினார். 1217இல் எஸ்தோனியத் தலைவர் லெம்பிட்டுவை எதிர்த்த போரில், இரு தலைவர்களுமே ஒரே நாளில் விழுந்தார்கள். லாட்வியாவில் இன்றுவரை அவரைத் துரோகி என்பவர்களும் உண்டு, தொலைநோக்குக்காரர் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் பொருந்துவதாகத் தெரியவில்லை. இரண்டு பெரிய அரசியல்களின் நடுவில் அகப்பட்ட சிறிய தலைவன் எவனுக்கும் நல்ல வழி என்று ஒன்று இருந்ததில்லை.

பயமுறுத்தலோடு காட்சியும் கைகோத்தது. 1205-06 குளிர்காலத்தில் ரீகாவின் நடுவில், மக்களுக்கு மதத்தைக் கண்முன் காட்ட, தீர்க்கதரிசிகளைப் பற்றிய நாடகம் ஒன்று போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று விளக்கினார். பைபிளில் வரும் கிதியோனின் படை பெலிஸ்தரோடு சண்டையிடும் காட்சி வந்ததும் உள்ளூர்க்காரர்கள் எழுந்து ஓடத் தொடங்கினார்கள். தங்களைத்தான் வெட்ட வருகிறார்கள் என்று பயம். மெல்லச் சமாதானப்படுத்தித் திரும்ப உட்கார வைக்க வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் நாடகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாக ஹென்றி நினைக்கிறார். சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1219இல் டென்மார்க் அரசர் இரண்டாம் வால்டமார் இன்றைய தாலின் இருக்கும் இடத்தில் இறங்கியதும், ஞானஸ்நானம் என்பது நில அளவைக் கல் என்ற உண்மை வெட்டவெளிச்சமானது. வடக்கு எஸ்தோனியாவில் எந்த ஊருக்கு யார் முதலில் தண்ணீர் தெளிக்கிறார்களோ அந்த ஊர் அவர்களுக்கு. ரீகாவின் பாதிரியார்களும் டேனியப் பாதிரியார்களும் போட்டி போட்டு ஓடினார்கள். நேரில் போக முடியாத ஊர்களில் பெரிய மரச்சிலுவை நடச் சொல்லி ஆள் அனுப்பிய டேனியர்கள், குடியானவர்கள் கையிலேயே மந்திரித்த தண்ணீரைக் கொடுத்து, பெண்டு பிள்ளைகள் மேல் தெளித்துவிடச் சொன்னார்கள். தபெலின் என்ற ஊர்ப்பெரியவர் ரீகாக்காரர்களிடம் ஞானஸ்நானம் பெற்று, மகனை அவர்களிடம் பிணையாகவும் கொடுத்திருந்தார். அதற்காகவே டேனியர்கள் அவரைத் தூக்கில் போட்டார்கள். கிறிஸ்தவர் ஆனதற்காக ஒரு கிறிஸ்தவ அரசால் தூக்கிலிடப்பட்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

இந்தப் போட்டியில் ஹென்றியும் இன்னொரு பாதிரியாரோடு ஊர் ஊராகப் போனார். அந்தப் பயணத்தில்தான் அழகான ஒரு குன்றுக் காட்டைப் பார்க்கிறார்கள். எஸ்தோனியக் கரையை ஒட்டிய சாரெமா தீவினரின் பெரிய தெய்வமான தாரபிதா இங்கே பிறந்து தீவுக்குப் பறந்து போனது என்று ஊரார் சொன்னார்கள். ஹென்றியோடு வந்த பாதிரியார் அங்கிருந்த மர உருவங்களை வெட்டிச் சாய்த்தார். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் வரவில்லையே என்று மக்கள் அசந்து நின்றார்களாம். அப்போதுதான் அவர்கள் பாதிரியார்களின் பேச்சைக் கூடுதலாக நம்பினார்கள் என்கிறார் ஹென்றி.

நம்பியவர்களுக்குக் கிடைத்தது என்ன? தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒன்று. தாங்க முடியாது என்று லிவ்கள் முறையிட, அது குதிரைக்கு இவ்வளவு என்று நிரந்தர அளவாக மாற்றப்பட்டது. அடுத்து வந்தவர் வழக்குகளைத் தீர்க்கும் ஃபோக்ட் என்ற அதிகாரி. முதலில் பாதிரியார்களே ஊர் வழக்குகளையும் பார்த்தபோது மக்களுக்குப் பிடித்திருந்தது. ஒரே சட்டம், திருட்டுக்குத் தண்டனை, கொள்ளைக்கு முடிவு. பிறகு வந்த பிரபு வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பையை நிரப்பிக்கொண்டார்கள் என்று ஹென்றியே கோபத்தோடு எழுதுகிறார். 1212இல் லெட் மக்களுக்கும் வாள் சகோதரர்களுக்கும் ஏற்பட்ட தகராறு வயல்களையும் தேன்மரங்களையும் பற்றியது. காட்டு மரப்பொந்துகளில் கூடு கட்டும் தேனீக்களுக்குக் குடும்பந்தோறும் உரிமைக்குறி வெட்டிய மரங்கள் அவை. மெழுகுதான் பணம். அந்த மரங்களை எடுத்துக்கொள்வது ஒருவர் பெட்டிக்குள் கையை விடுவதற்குச் சமம். தகராறு போராக மூண்டு, துரைதாவுக்குப் பக்கத்திலிருந்த லிவ் கோட்டைவரை பற்றி எரிந்தது. 1225இல் வந்த போப்பின் தூதர், மோதெனா நகரின் வில்லியம், ஊர் ஊராகப் போய் ஜெர்மானியர்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: புதுக் கிறிஸ்தவர்களின் கழுத்தில் தாங்க முடியாத நுகத்தை வைக்காதீர்கள்.

அவர் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே நுகம் ஒருமுறை உடைந்திருந்தது. 1223 ஜனவரியில் எஸ்தோனியர் எழுந்து ஜெர்மானியர்களையும் டேனியர்களையும் கோட்டைகளிலிருந்து விரட்டினார்கள். லிவ்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதோடு நிறுத்தினார்கள். எஸ்தோனியர் முறையாகச் செய்தார்கள். கிறிஸ்தவச் சட்டத்துக்காகத் தள்ளிவைத்த மனைவிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் புதைத்த உறவினர்களைத் தோண்டியெடுத்துப் பழைய வழக்கப்படி எரித்தார்கள். தங்களையும் வீடுகளையும் கோட்டைகளையும் தண்ணீர் விட்டு, துடைப்பத்தால் கழுவினார்கள். அந்தத் துடைப்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. மதம் என்பது மனதில் மட்டும் இருக்கிற ஒன்று என்று அவர்கள் நினைக்கவில்லை. திண்ணையில், சுவரில், படுக்கையில், புதைகுழியில் எங்கெல்லாம் ஒட்டியதோ அங்கெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது.

பெருநிலப் பரப்பில் இந்த விடுதலை இரண்டு வருடம்கூட நீடிக்கவில்லை, 1224இலேயே முடிந்தது. 1227 ஜனவரியில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் உறைந்த கடல்மேல் நடந்து சாரெமா தீவைப் பிடித்தார்கள். மழை பெய்து மறுபடி உறைந்திருந்த பனி கண்ணாடியாய் வழுக்கியது. ஆயுதங்களும் சறுக்குவண்டிகளும் குதிரைகளும் எழுப்பிய சத்தம் இடி முழக்கம்போல இருந்ததாம். வால்யாலா கோட்டையில் தீவு மக்களுக்கு ஞானஸ்நானம் நடப்பதோடு ஹென்றி தன் புத்தகத்தை முடித்துக்கொள்கிறார். ஒன்பது வருடத்தில், 1236இல், வாள் சகோதரர்கள் படையே சவுலே போரில் சின்னாபின்னமாகி, மறுவருடம் ஜெர்மானியரின் இன்னொரு துறவிப்படையான டியூட்டானிக் படையில் கரைந்துபோனது. நிலம் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1343இல் எஸ்தோனியரின் இன்னொரு பெரும் எழுச்சி நசுக்கப்பட்டபின், அலுத்துப்போன டென்மார்க் தன் பங்கை 1346இல் 19,000 மார்க் வெள்ளிக்கு டியூட்டானிக் படையிடம் விற்றுவிட்டது. மக்களோடு சேர்த்துத்தான்.

குடியேற்றம் என்றதும் உழவர் கூட்டம் கூட்டமாக வந்து நிலத்தை நிரப்பியதாகத் தோன்றும். தென்மேற்கே இருந்த பிரஷ்யாவில் அப்படித்தான் நடந்தது. ஜெர்மனியிலிருந்து தரைவழியாக உழவர்கள் வந்து ஊர்கள் அமைத்தார்கள், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய பிரஷ்ய மொழி செத்தது, அந்த மக்களின் பெயரை மட்டும் வென்றவர்கள் எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். லிவோனியாவுக்குக் கடல் தாண்ட வேண்டும். ஏரும் மாடுமாக உழவன் கப்பலேறவில்லை. வந்தவர்கள் ஆயர்கள், வீரர்கள், வணிகர்கள், கைவினைஞர்கள் மட்டுமே. எனவே மேலே மெல்லிய ஜெர்மானியத் தட்டு, கீழே உழைக்கும் உள்ளூர் மக்கள். அந்தக் கீழ்த்தட்டுக்கு ஆவணங்களில் ஒரே பெயர், ஜெர்மானியர் அல்லாதார். பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1816க்கும் 1819க்கும் இடையில். அதுவும் நிலம் இல்லாமல். பண்ணைகள் கைமாற 1919, 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்தோனிய மொழியும் லாட்விய மொழியும் இன்று இரண்டு நாடுகளின் ஆட்சிமொழிகளாக இருப்பதற்கு, அந்தக் கப்பல்களில் உழவர்களுக்கு இடம் இல்லாமல் போனதும் ஒரு காரணம். லிவ் மொழிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. சுற்றிலும் இருந்த லாட்விய மொழியில் மெல்லக் கரைந்து, அதைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த கடைசி மனிதரும் 2013இல் கனடாவில் காலமானார்.

இக்ஷ்கிலேயில் மெய்ன்ஹார்டின் தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. முதல் உலகப் போரின் குண்டுகளில் சிதைந்தது போக மீந்தவை. 1970களில் ரீகா நீர்மின் நிலையத்துக்காக டவுகவாவில் அணை கட்டியபோது ஆறு விரிந்து, அந்த இடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டது. இப்போது அது ஒரு சிறு தீவு. செமிகாலியர் வடம் போட்டு ஆற்றுக்குள் இழுக்கப் பார்த்த கோட்டை அதன் பக்கத்தில்தான் இருந்தது.